மருந்தை மறுப்பது ஏன்?

மருத்துவம் என்று சொன்னவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவோர் மருத்துவரும், அவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுமே. வள்ளுவர் பார்வை இதனினும் விரிந்தது. ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்கும் இடத்தில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவர் என்பன அவை. நான்கினுள்ளும் நோயுற்றவரே முதலில் நிற்கிறார். பள்ளியில் அக்குறளை மனப்பாடம் செய்தபோது இந்த வரிசையை நான் கருதிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் எங்கள் வீட்டில் நேர்ந்த ஒரு பிழை நேராமல் போயிருக்கலாம்.

மனச்சிதைவு நோய் உற்றவர்கள் மருந்தைப் பற்றி என்ன எண்ணுகிறார்கள், பலர் அதனை இடையில் நிறுத்திவிடுவது ஏன் என்பதே இக்கட்டுரையின் பொருள். நான் இப்பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் முதுகலை பயில்கிறேன். மருத்துவம் பயில்பவன் அல்லேன். ஆயினும் இந்நோய் எனக்கு நூலின் வழியாக மட்டும் அறிமுகமானது அன்று. என் சித்தப்பா பல ஆண்டுகளாக இதனோடு வாழ்ந்து வருகிறார். அவருடைய இசைவைப் பெற்றே இதனை எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் பிளாய்லர் 1908-இல் இந்நோய்க்கு ‘ஸ்கிசோஃபிரீனியா’ என்று பெயர் சூட்டினார். எண்ணம், உணர்ச்சி, செயல் ஆகியவற்றைப் பிணைக்கும் கட்டுத் தளர்ந்து போவதையே அவர் அப்பெயரால் குறித்தார். ஒருவருக்குள் இரண்டு ஆட்கள் குடியிருப்பதாகத் திரைப்படங்கள் காட்டுவது வேறு. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

யாரும் பேசாதபோது காதில் குரல் கேட்டல், பிறர் தமக்குக் கேடு சூழ்கிறார்கள் என்று அசையாமல் நம்புதல், பேச்சில் தொடர்பு அறுதல் ஆகியவை இந்நோயின் வெளிப்படையான குறிகள். ஊக்கம் குன்றுதல், சொல் அருகுதல், உற்றாரிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவை ஓசையின்றி வரும் குறிகள். உலகில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒருவர் இந்நோய் உற்றவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. படிப்பும் வேலையும் திருமணமும் கூடிவரும் இளம்பருவத்தில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டுகிறது.

மருந்து வந்த வழி

கரோல் பாகில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் திப்பியாக் கல்லூரி இருக்கிறது. 1921-இல் காந்தியடிகள் திறந்து வைத்த கல்லூரி அது. மனநோய் மருந்துகளின் வரலாற்றில் ஓர் ஏடு அங்கேயும் எழுதப்பட்டது என்பதை நம் நண்பர்களுள் பலர் அறியார்.

சர்ப்பகந்தா என்னும் மூலிகையின் வேரை மனக் கொந்தளிப்புக்குக் கொடுப்பது நம் நாட்டின் பழைய வழக்கம். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இருவர், இவ்வேர் மனநோய்க்கும் மிகைக் குருதி அழுத்தத்துக்கும் பயன்படும் என்று 1931-இல் எழுதினர். அதே ஆண்டில் திப்பியாக் கல்லூரியில் ஆய்வு செய்த சலிமுஸ்ஸமான் சித்திகி அவ்வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்தார். அவற்றுள் ஒன்றுக்குக் கல்லூரியைத் தோற்றுவித்த ஹகீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1952-இல் சுவிட்சர்லாந்தில் இதே வேரிலிருந்து ரெசர்பின் கிடைத்தது. சில ஆண்டுகள் உலக மனநோய் மருத்துவமனைகளில் அது பெரிதும் வழங்கியது.

ஆயினும் அக்களத்தில் நிலைத்து நின்றது வேறொரு மருந்து. 1950-இல் பிரான்சில் ஆக்கப்பட்ட குளோர்புரோமசின் என்னும் பொருளை, 1952-இல் பாரிசின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் டிலே, டெனிக்கர் என்னும் இரு மருத்துவர்கள் மனநோயாளர்களுக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். ஹாலோபெரிடால், குளோசபின், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் முதலியவை பின்னர் வந்தவை.

மருந்து செய்யும் வேலை

மூளையின் நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் பொருள்களுள் ஒன்று டோபமின். ஓரணு அதனை வெளிவிட, அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பிகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. மனச்சிதைவில் மூளையின் சில பகுதிகளில் இச்செய்தி மிகுந்து ஒலிக்கிறது. பயனற்ற ஓசையும் பொருளுடையதுபோல் தோன்றுகிறது. தெருவில் போகிறவன் திரும்பிப் பார்த்தாலும் அதில் ஒரு குறிப்பு இருப்பதாகப் படுகிறது. குளோர்புரோமசினும் அதன்பின் வந்தனவாக மேலே சொன்ன மருந்துகளும் டி-2 என்னும் ஏற்பிகளில் தாம் அமர்ந்துகொண்டு டோபமினுக்கு இடம் இல்லாமல் செய்கின்றன. குரல் மெல்ல மெல்லத் தணிகிறது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கதிர்வீச்சுப் படங்களின் துணையால் இம்மருந்துகளுள் பலவற்றை அளந்து பார்த்திருக்கிறார்கள். அவ்வேற்பிகளில் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் நோய் தணியத் தொடங்குகிறது. அடைப்பு 80 விழுக்காட்டை நெருங்கும்போது கை நடுக்கம், உடல் விறைப்பு, முகத்தில் உணர்ச்சி வறளுதல் ஆகிய துன்பங்கள் தோன்றுகின்றன. நடையையும் அசைவையும் ஆள்வதும் இதே டோபமின்தான் அன்றோ? நன்மைக்கும் துன்பத்துக்கும் இடையில் உள்ள வரப்பு மிகக் குறுகியது. ஒருவருக்கு ஏற்ற அளவு மற்றொருவருக்கு மிகுந்துவிடும்.

இத்துன்பங்களுள் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். கிரேக்கச் சொல்லடியாக அதனை ‘அகதீசியா’ என்பர். ‘உட்கார இயலாமை’ என்பது அதன் பொருள். ‘இருப்புக் கொள்ளவில்லை’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அச்சொல் இதற்கு அளவெடுத்தாற்போல் பொருந்துகிறது. கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். உட்கார்ந்தால் எழ வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும், நடந்தாலும் தீராது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது நோயின் கொந்தளிப்புப் போலவே தோன்றும். மருந்தால் வந்ததை நோயால் வந்ததாகக் கருதி மருந்தைக் கூட்டினால் துன்பம் மேலும் பெருகும்.

எங்கள் வீட்டில் நடந்தது

சித்தப்பா பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தார். நோய் கண்டதும் அப்பா அவரைத் தில்லிக்கு அழைத்து வந்துவிட்டார். தம் உணவில் யாரோ எதையோ கலக்கிறார்கள் என்பது அப்போது அவருடைய உறுதியான நம்பிக்கை. மருத்துவர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சித்தப்பா மூன்று வாரம் உண்டார். பிறகு ஒரே பிடிவாதமாக நிறுத்திவிட்டார்.

அதன்பின் அப்பா மட்டும் மருத்துவரிடம் போய் வந்தார். மாத்திரையை மோரில் கலந்து கொடுப்பது என்று வீட்டில் முடிவாயிற்று. அவ்வேலை என்னிடம் வந்தது. எனக்கு அப்போது வயது பதினைந்து. இரண்டு கரண்டிகளுக்கு இடையில் மாத்திரையை வைத்து நசுக்கி, மோரில் கரைத்து, பெருங்காயம் சற்றுத் தூக்கலாகப் போட்டு அவர் கையில் கொடுப்பேன். ஒரு திங்களுக்குள் குரல்கள் அடங்கின. நாங்கள் மகிழ்ந்தோம்.

பின்னர் அவர் நடக்கத் தொடங்கினார். மொட்டை மாடியில் பகலும் நடப்பார், இரவும் நடப்பார். “காலுக்குள்ள எறும்பு ஊருது. இருப்புக் கொள்ளல” என்று அம்மாவிடம் சொன்னார். அப்பா அதனை இந்தியில் ‘பேசைனி’ என்று ஒரே சொல்லாக்கி மருத்துவரிடம் தெரிவித்தார். காலும் எறும்பும் அம்மொழிபெயர்ப்பில் விடுபட்டுப் போயின. நோயாளியை நேரில் பாராத மருத்துவர் நோய் தணியவில்லை என்று கருதி மருந்தின் அளவை இரட்டித்தார். நான் ஒரு மாத்திரைக்கு இரண்டாக நசுக்கினேன். அவர் நடை மிகுந்தது.

ஒருநாள் மாலை அவசரத்தில் நான் சரியாகக் கரைக்கவில்லை. மோரைக் குடித்து முடித்தவர் தம்ளரைச் சாய்த்து அடியில் இருந்த வெள்ளை வண்டலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சினம் கொள்ளவில்லை. தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, “மதினி, இனி என் சோத்த நானே பாத்துக்கிடுதேன்” என்றார். அன்று முதல் தோல் உரிக்காத வாழைப்பழம், தாமே வேகவைத்த முட்டை, கட்டுப் பிரிக்காத ரொட்டி ஆகியவையே அவர் உணவாயின. ஈராண்டு எங்கள் கையால் ஒரு வாய் நீரும் அவர் வாங்கவில்லை.

உணவில் கலக்கிறார்கள் என்று நோய் அவரிடம் சொல்லியது. அது பொய் என்று நாங்கள் சொன்னோம். சொல்லிக்கொண்டே கலந்தோம்.

மருந்து நின்ற ஐந்தாம் திங்களில் குரல்கள் திரும்பின. அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. இக்கலப்பு முறை எங்கள் வீட்டில் மட்டும் நடந்தது அன்று. நம் நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் வேறு வழி அறியாமல், அன்பினாலேயே இதனைச் செய்கின்றன. அவர்களைப் பழிப்பது என் நோக்கம் அன்று. அதன் விலை என்ன என்பதை மட்டும் சொல்கிறேன்.

மறுப்பின் காரணங்கள்

சென்ற ஆண்டு நூலகத்தில் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரை என் கைக்குக் கிட்டியது. அமெரிக்க மருத்துவர் வான் புட்டன் 1974-இல் எழுதியது அது. மனச்சிதைவு நோயாளர் மருந்தை மறுப்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். மருந்தால் வரும் அசைவுத் துன்பங்களுக்கும், சிறப்பாக இருப்புக் கொள்ளாமைக்கும், மறுப்புக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை எடுத்துக்காட்டினார். மொட்டை மாடியில் சித்தப்பா நடந்த நடைக்கு அன்றுதான் எனக்குப் பெயர் தெரிந்தது.

கனடாவைச் சேர்ந்த ஹோகன், ஆவாத், ஈஸ்ட்வுட் ஆகியோர் 1983-இல் இவ்வாய்வை மேலும் ஒருபடி கொண்டு சென்றனர். மருந்தைப் பற்றிய மனப்பான்மையை அறிய 30 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் ஒன்றை ஆக்கினர். ஒவ்வொன்றுக்கும் சரி அல்லது தவறு என்று நோயாளியே குறிக்க வேண்டும். மருந்து உண்டபின் உடலும் மனமும் எப்படி இருக்கின்றன என்னும் உள்ளுணர்வுக்கு அதில் பேரிடம் தரப்பட்டது. ‘நோயாளிக்கு என்ன தெரியும்?’ என்று ஒதுக்கப்பட்ட சொல் அளவைக்கு உரிய சான்றாயிற்று.

உடல் துன்பம் ஒன்றே காரணம் அன்று. தமக்கு நோய் இருப்பதையே உணராதிருத்தல் இந்நோயின் இயல்புகளுள் ஒன்று. கண் தன்னைத் தானே காண்பதில்லை. நோயில்லை என்று நம்புகிறவர் மருந்து உண்ண வேண்டியது எதற்காக? ஆனால் இதனை மட்டுமே காரணமாகக் காட்டி நாம் ஓய்ந்துவிடலாகாது. நோயை ஒப்புக்கொள்பவரும் மருந்தை விடுவதுண்டு. நோயை ஒப்பாதவரும் ‘இதனை உண்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது’ என்று தொடர்ந்து உண்பதுண்டு.

காலக் கணக்கு மற்றொரு காரணம். மருந்தின் துன்பம் உண்ட அன்றே தெரியும். முழுப்பயன் தெரியப் பல வாரம் ஆகும். நிறுத்தும்போதோ கணக்குத் தலைகீழாகிறது. சோர்வும் விறைப்பும் சில நாளில் நீங்க, உடல் இலேசாகிறது. நோய் திரும்பினால் அது பல வாரமோ திங்களோ கழித்தே திரும்பும். ‘நிறுத்தினேன், நலமானேன்’ என்று நோயாளி கூறுவது அவர் கண்ட அளவில் மெய்யே. வேலியின் பயன் ஆடு வராத நாளில் யார் கண்ணுக்குத் தெரியும்?

உலகியல் காரணங்களும் உள்ளன. சில மருந்துகளால் உடல் பருக்கிறது. சர்க்கரை நோய் வருகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்பதும் உண்டு. நோயை மறைத்து மணம் முடிக்கப்பட்ட பெண், மாமியார் கண்ணில் மாத்திரை அட்டை பட்டுவிடுமோ என்று அஞ்சி நிறுத்துகிறாள். தொலைவூரிலிருந்து வருபவர் ஒருநாள் கூலியை இழந்துதான் மருந்து வாங்க வேண்டியிருக்கிறது.

நம்பிக்கையும் ஒரு காரணமே. கோயிலிலோ தர்காவிலோ குணமாகும் என்று எண்ணி மருந்தை விடுவோர் உளர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், விடுதியொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தீயில் மாண்ட கொடுமையை நாடு மறவாது. ஆனால் நம்பிக்கையை இகழ்வதனால் பயன் விளையாது. குசராத்தில் உனாவா என்னும் ஊரிலுள்ள தர்காவில் 2008 முதல் ‘தவா, துவா’ என்று மருந்தையும் வேண்டுதலையும் ஒருங்கே வைத்தனர். தொழ வந்தவர்கள் மருத்துவரையும் கண்டு சென்றனர்.

கணக்குச் சொல்வது என்ன?

மருந்து தேவைதானா என்ற வினாவுக்கு நேர்மையான விடை கூற வேண்டும். 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 65 சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. ஓராண்டளவில், மருந்து உண்டவருள் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் திரும்பியது. வெற்று மாத்திரை உண்டவருள் 64 பேருக்குத் திரும்பியது. வேறுபாடு பெரிது, ஐயமில்லை. எனினும் மருந்து உண்டும் 27 பேருக்கு நோய் திரும்பியதையும், உண்ணாமலே 36 பேர் ஓராண்டைக் கடந்ததையும் இக்கணக்கே சொல்கிறது. ‘மருந்து உண்டால் வரவே வராது, விட்டால் வந்தே தீரும்’ என்று அச்சுறுத்துவது அறிவியல் ஆகாது. அச்சுறுத்தல் ஒருமுறை பொய்த்தால் நம் சொல் முழுவதும் பொய்த்துப் போகும்.

அளவைக் குறைப்பதிலும் ஆய்வுகள் ஒருமுகமாக இல்லை. நெதர்லாந்தில், முதன்முறை நோயுற்றுத் தேறியவர்களிடம் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மருத்துவர் பார்வையில் அளவைக் குறைத்தவர்களுள் நூற்றுக்கு 40 பேரும், அதே அளவில் தொடர்ந்தவர்களுள் 18 பேரும் ஏழாண்டுக்குப் பின் நோய்க்குறி தணிந்து, வாழ்விலும் நன்கு தேறியிருந்தனர். இங்கிலாந்தில் நெடுநாள் நோயாளரிடம் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்விலோ, குறைத்தவர்களிடையே ஈராண்டில் நோய் மிகுதியாகத் திரும்பியது. உலகியல் வாழ்வில் முன்னேற்றம் காணவில்லை. ஆதலின் குறைப்பது ஒவ்வொருவர் நிலையையும் அறிந்து மருத்துவரோடு கலந்து செய்யத்தக்கது. தாமே ஒருநாளில் நிறுத்துவது இடர் மிக்கது.

மருந்தை விடுவது மனநோயாளரின் தனிக்குணம் என்று நினைப்பதும் தவறு. வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோய்களுக்குரிய மருத்துவத்தைச் சொன்னபடி பின்பற்றுவோர் ஏறத்தாழப் பாதிப்பேரே என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் கூறியது. குருதி அழுத்த மாத்திரையை மறக்கும் நம் தந்தையரும் மற்றப் பாதியில் அடங்குவர்.

செய்யத்தக்கவை

மருத்துவமனையில் சித்தப்பாவைப் பார்த்த மருத்துவர் எங்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடம் ஒன்று கேட்டார்: “மருந்து உண்டால் உங்களுக்கு எப்படி இருக்கிறது?” அதுவரை எவரும் கேளாத கேள்வி. சித்தப்பா தம் அரைகுறை இந்தியில் முக்கால் மணி நேரம் விடை சொன்னார். கால் எறும்பையும் சொன்னார், மோரையும் சொன்னார். வரி வரியாக மெய்ப்புப் படிக்கும் அளவுக்குக் கருத்து ஊன்ற வேண்டும் என்பதே தமக்கு வேண்டுவது என்றார். மருந்து மாறியது, அளவு சிறிதாகத் தொடங்கியது. திங்கள்தோறும் போடும் நீடித்த ஊசியும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். சித்தப்பா மாத்திரையே போதும் என்றார். அதனைத் தம் பெட்டியில் தாமே வைத்துக்கொண்டார். சில நாள் தவறுகிறார், தவறியதை மறைப்பதில்லை.

இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில. ‘உண்டாயா?’ என்று கேட்குமுன் ‘உண்டால் எப்படி இருக்கிறது?’ என்று கேட்க வேண்டும். நடுக்கம், விறைப்பு, இருப்புக் கொள்ளாமை ஆகியவற்றுக்குத் தீர்வு உண்டு. அவற்றை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். வேளைகள் பலவாயின், ஒருவேளையாக்க இயலுமா என்று கேட்கலாம். குளோசபின் உண்பவர் குருதிச் சோதனையை விடலாகாது. அரிதாயினும் வெள்ளணுக்கள் குறைந்து உயிருக்கே இடர் நேரக்கூடும்.

சட்டமும் நோயாளியின் சொல்லுக்கு இடம் தந்துள்ளது. 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கு எவ்வகை மருத்துவம் வேண்டும், எது வேண்டா என்பதைத் தெளிவுள்ள நாளில் முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை ஒருவருக்கு அளிக்கிறது. தம் சார்பில் பேசுபவர் ஒருவரைத் தாமே அமர்த்தவும் அதில் இடமுண்டு. நோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை அச்சட்டம் தடுக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் தமிழிலும் பெறலாம்.

நம் மன்றத்து நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழகத்திலிருந்து மருத்துவத்துக்காகத் தில்லி வரும் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க நம்முள் பலர் மருத்துவமனைகளுக்குச் செல்கிறோம். நல்ல பணி அது. அங்கே நோயுற்றவர் பத்துச் சொல் சொன்னால் பத்தையும் மொழிபெயருங்கள். அவர் எறும்பு என்றால் நீங்களும் எறும்பு என்றே சொல்லுங்கள். அண்ணனோ தந்தையோ அவருக்காகப் பேச முற்பட்டால், அவர் பேசி முடிக்கும்வரை சற்றுப் பொறுக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள்.

இக்கட்டுரையைச் சித்தப்பாவே படித்து, ஒற்றுப் பிழைகளைத் திருத்தி, ஒரு வரியை அடித்துவிட்டுத் தந்தார். இப்போது அவர் எங்களோடு அமர்ந்து உண்கிறார். மோர் கொடுத்தால் மட்டும் குடிக்குமுன் தம்ளரை வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்க்கிறார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் அருகிலேயே நிற்பேன்.